மாவுப் பை: அழியாத மையா, கழன்றுவிடும் லேபிளா?

அமெரிக்க மில்கள் மாவை முதலில் பீப்பாயில் விற்றன, பிறகு துணிப்பையில். பீப்பாயைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அமெரிக்காவில் ஒரு பீப்பாய்க்கு 196 பவுண்டு கோதுமை மாவு. தூக்க ஆள் வேண்டும். 1846இல் எலியாஸ் ஹோவ் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாரம் தாங்கும் தையல் கிடைத்ததும் மாவு மெல்ல மெல்லத் துணிப்பைக்கு இறங்கியது. பழைய பழக்கம் மட்டும் விடவில்லை. அரை பீப்பாய் 98 பவுண்டு, கால் பீப்பாய் 49 என்றே பைகள் வந்தன. பீப்பாய் மூடியில் இருந்த வட்ட முத்திரை, சதுரத் துணியிலும் வட்டமாகவே உட்கார்ந்தது.

உண்மையான போட்டி இரண்டு வகைத் துணிப்பைகளுக்குள்தான்.

முதல் வகை வெள்ளைப் பருத்தி, நடுவில் கொட்டை எழுத்தில் மில்லின் பெயர். மில்லுக்கு அது விளம்பரம்; காலிப் பையில் உடை தைக்கும் வீட்டுப் பெண்ணுக்கு அது கறை. பன்றிக் கொழுப்போ மண்ணெண்ணெயோ தேய்த்து இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் காரச் சோப்புப் போட்டு வேகவைப்பார்கள். அப்படியும் போகாத எழுத்து உள்பாவாடையில் தங்கிவிடும்.

இரண்டாவது வகை அந்தக் கறையையே வேண்டாம் என்றது. ஏசா பேல்ஸ் என்பவர் 1924இல் ‘கிங்கம்’ எனும் கட்டம்போட்ட துணியில் பை செய்யும் யோசனைக்குக் காப்புரிமை கோரினார். செயின்ட் லூயிஸில் இருந்த ஜார்ஜ் பிளான்ட் மில் அதை எடுத்துக்கொண்டு ‘கிங்கம் கேர்ள்’ மாவை இறக்கியது. 1930களில் பூப்போட்ட பைகள் குவிந்தன. மில்லின் பெயர் தண்ணீரில் கழன்றுவிடும் காகித லேபிளுக்குப் போனது. சங்கிலித் தையலில் சரியான நூலைப் பிடித்து இழுத்தால் பை முழுசாகப் பிரியும். அந்த நூலையும் சுற்றி வைத்துக்கொள்வார்கள். 100 பவுண்டுப் பையில் ஒரு கெஜத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் துணி. ஒரு கவுனுக்கு மூன்று பை வேண்டும், மூன்றும் ஒரே பூவாக வேண்டும். அந்தப் பூ அடுக்கின் அடியில் இருந்தால், கடைக்குப் போன கணவன் மூட்டைகளைப் புரட்டத்தான் வேண்டும்.

விற்பனைக்கு இதுதான் கெட்டி என்பேன். பிராண்டுக்கு? சந்தேகம்தான். பெமிஸ், பெர்சி கென்ட் போன்ற பை கம்பெனிகள் பல மில்களுக்கும் பை கொடுத்தன. விசுவாசம் பூவுக்கு, மாவுக்கு அல்ல.

பெல்ஜியத்தில் கதை தலைகீழ். முதல் உலகப் போரில், 1914 முதல், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவரின் நிவாரணக் குழு அனுப்பிய மாவு இதே அச்சிட்ட வெள்ளைப் பைகளிலும் போனது. பருத்தி ஜெர்மானியரின் வெடிமருந்துக்கு உதவிவிடும் என்பதால் காலிப் பைகளைக்கூட எண்ணிக் கணக்கு வைத்தார்கள். பெல்ஜியப் பெண்களோ மில் பெயரை அழிக்கவில்லை. எழுத்தின் மேலேயே பட்டு நூல் ஓட்டி, நன்றி என்று தைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அயோவாவின் வெஸ்ட் பிராஞ்சில் உள்ள ஹூவர் நூலகத்தில் அவை இருக்கின்றன. அமெரிக்க மில் முதலாளி கனவிலும் கேட்டிருக்க முடியாத விளம்பரம், அதுவும் காசில்லாமல்!

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல அடுக்குக் காகிதப் பை வந்து விலையில் இரண்டையும் அடித்தது. பருத்தித் தொழில்காரர்கள் ‘பையில் உடை தைப்பது எப்படி’ என்று கையேடுகள் போட்டுப் பார்த்தார்கள். 1960களில் பூப்போட்ட பை கடைகளில் அருகிப்போனது.