டிஎல்சி வாங்கும் முன் பார்க்க வேண்டியது: அது கதையில் எந்த இடத்தில் வருகிறது?

ஆர்பிஜி (நாமே ஒரு பாத்திரமாகிக் கதைக்குள் ஆடும்) கேம்களின் டிஎல்சி (மெயின் கேமுக்கு மேல் தனியாக விற்கும் கூடுதல் பகுதி) பற்றி யார் எழுதினாலும் கடைசியில் மணி நேரக் கணக்கில்தான் வந்து நிற்கிறார்கள். இத்தனை டாலருக்கு இத்தனை மணி நேரம், ஆகவே லாபம், இல்லாவிட்டால் நஷ்டம். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை போய்விட்டது. கார் பந்தய கேமுக்கு நாலு கார் கூடுதலாக விற்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், ஒன்றும் கெடாது. ஆர்பிஜியில் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது, கையில் ஒன்றுமில்லாமல் தொடங்கிய நம் ஆள் லெவல் லெவலாக ஏறிக்கொண்டிருக்கிறான், நடுவில் ஒரு தீவையோ துப்பாக்கியையோ கொண்டுவந்து செருகினால், எங்கே செருகுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. அருமையான டிஎல்சிகூடத் தப்பான நேரத்தில் வந்தால் சப்பென்று போய்விடும். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, நான் விளையாடியவற்றில் சிலதைப் பார்க்கிறேன். ஸ்பாய்லர் உண்டு.

(குதிரைக் கவசம் இந்தப் பட்டியலில் வராது. 2006-இல் ஆப்லிவியன் என்ற ஆர்பிஜிக்கு இரண்டரை டாலருக்கு விற்றதை எல்லோரும் வேண்டிய மட்டும் திட்டியாகிவிட்டது. பாவம், அது கதையை ஒன்றும் செய்யவில்லை, குதிரைக்குத்தான் கொஞ்சம் ஹெல்த் கூட்டியது.)

முதலில் ஃபால்அவுட் நியூ வேகஸ். இந்த வகையில் வந்ததிலேயே மிக மோசமானதும் மிகச் சிறந்ததும் என்று நான் நினைக்கிற இரண்டும் இந்த ஒரே கேமில் இருக்கின்றன, அல்டிமேட் எடிஷன் வாங்கினால் இரண்டும் சேர்ந்தே வரும்.

மோசமானது கூரியர்ஸ் ஸ்டாஷ். முன்பதிவு செய்தவர்களுக்குக் கடைக்கு ஒன்றாகக் கொடுத்த இலவசப் பொருள்களை 2011-இல் ஒன்றாகக் கட்டி விற்றது இது. கேமின் தொடக்கம் என்ன? தலையில் சுடப்பட்டு, குழியில் புதைக்கப்பட்டு, ஒரு டாக்டர் தயவில் கண் விழிக்கிறோம். அவர் பாவம் பார்த்துக் கொடுக்கிற பழைய உடுப்பும் சின்னத் துப்பாக்கியும்தான் சொத்து. குட்ஸ்பிரிங்ஸ் ஊரின் அழகே அங்கேதான் இருக்கிறது, தோட்டாவை எண்ணி எண்ணிச் சுட வேண்டும், ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் கிடைத்தால் சந்தோஷம். கூரியர்ஸ் ஸ்டாஷ் இருந்தால் இந்தத் தொடக்கத்திலேயே திரை ஓரத்தில் அறிவிப்புகள் வரிசையாக வந்து விழும்: கவசம், கிரனேட் லாஞ்சர், ஷாட்கன், வெட்டுக்கத்தி, எறி ஈட்டிகள். போதாததற்கு வால்ட் 13 குடுவை ஒன்று. ஹார்ட்கோர் மோடில் பசி, தாகம், தூக்கம் மூன்றையும் கவனிக்காவிட்டால் சாவோம், அந்த மோடின் உயிரே அதுதான். இந்தக் குடுவையோ கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தானாகவே ஒரு வாய் குடிக்க வைத்துவிடும். பாலைவனத்தில் தாகம் என்ற ஒரு கவலையைக் காசு கொடுத்து ஒழித்தாகிவிட்டது, அப்புறம் ஹார்ட்கோர் எதற்கு? நல்லவேளை, கேமைத் தொடங்கும் முன் வரும் லாஞ்சர் திரையில் டேட்டா ஃபைல்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் கூரியர்ஸ் ஸ்டாஷின் நாலு பேக்குகளின் டிக்கை மட்டும் எடுத்துவிட்டால் போதும், மற்ற டிஎல்சிகளுக்கு ஒன்றும் ஆகாது. முதல்முறை விளையாடுபவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

சிறந்தது டெட் மணி, 2010 டிசம்பரில் வந்தது. இதை வெறுப்பவர்கள் நிறையப் பேர், காரணமும் நியாயமானதுதான். ஒரு ரேடியோ சிக்னலைத் தேடிப் பாழடைந்த பங்கருக்குள் போனால் மயக்க வாயு, கண் விழிக்கும்போது கழுத்தில் வெடிகுண்டு காலர், அதுவரை சேர்த்த அத்தனையும் போய்விட்டது. மேலே விஷ மேகம், கீழே ஒரே பழுப்பு நிறத்தில் சந்துகள். எங்கேயோ ஒரு ரேடியோ ஓடினால் போதும், காலர் பீப் அடிக்கத் தொடங்கும், பீப் வேகமாகிக்கொண்டே போகும், அதற்குள் அந்த ரேடியோவைக் கண்டுபிடித்து அணைக்க வேண்டும் அல்லது வந்த வழியே பின்வாங்க வேண்டும், இல்லையென்றால் தலை இருக்காது. அங்கே திரியும் கோஸ்ட் பீப்பிள் விழுந்தாலும் எழுந்து வருவார்கள், கையையோ காலையோ துண்டித்தால்தான் அடங்குவார்கள். முடிக்காமல் வெளியே வர முடியாது, முடித்தபின் திரும்பிப் போகவும் முடியாது.

இதை ஏன் சிறந்தது என்கிறேன்? லெவல் 20 வாக்கில் போக வேண்டிய இடம் இது. அந்த நேரத்தில் கேம் நடக்கும் மோஹாவி பாலைவனத்தில் நம்மை அசைக்க ஆளில்லை, பையில் ஐந்தாறு துப்பாக்கி, நூற்றுக்கணக்கில் ஸ்டிம்பேக் மருந்து, சண்டைகள் எல்லாம் சலிப்பு. சரியாக அந்த நேரம் பார்த்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு முதல் நாள் நிலைக்குத் தள்ளுகிறது. கடைசியில் பெட்டகத்துக்குள் 37 தங்கக் கட்டிகள், ஒவ்வொன்றும் 35 பவுண்டு எடை, விலை பத்தாயிரம் கேப்ஸுக்கு (அந்த உலகத்துக் காசு) மேல். முழுவதையும் தூக்கினால் ஓட முடியாது, நத்தை மாதிரி நகரத்தான் முடியும், ஓடினால்தான் தப்பிக்கலாம். ஆசையை விட்டுவிட்டு வெளியேறுவதைப் பற்றிய கதை அது, அதைப் பக்கம் பக்கமாகப் பேசாமல் பையின் எடைக் கணக்கில் வைத்துவிட்டார்கள். (எப்படியோ சுவர் ஓரமாகப் பதுங்கி 37-ஐயும் கடத்திவந்த ஆட்கள் உண்டு, கடத்தி வந்தால் வாங்க ஒரு கடைக்காரனிடமும் அவ்வளவு கேப்ஸ் இருக்காது.)

ஆனால் இதே டெட் மணியின் க்வெஸ்ட் (நாம் முடிக்க வேண்டிய வேலை) கேம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மற்ற மூன்று கதை டிஎல்சிகளோடு சேர்ந்து பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. புதிதாக வருகிறவருக்கு எது மெயின் கதை, எது காசு கொடுத்து வாங்கிய கிளைக்கதை என்றே தெரியாது. பறிகொடுக்க ஒன்றுமே இல்லாத லெவல் 5-இல் ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்தால் அவருக்குக் கிடைப்பது வெறும் எரிச்சல்தான், அவர் அப்புறம் ஒரு ஸ்டார் போட்டால் தப்புச் சொல்ல முடியாது. மற்ற மூன்றில் ஹானஸ்ட் ஹார்ட்ஸ் பார்க்க அழகு, மெயின் கதை மெலிசு, குகைகளில் கிடைக்கும் பழைய டைரிக் குறிப்புகளுக்காகவே போகலாம். ஓல்ட் வேர்ல்ட் புளூஸ் சிரிக்க வைக்கும், எதிரிகள் மட்டும் எத்தனை சுட்டாலும் சாக மாட்டார்கள். லோன்ஸம் ரோடு எப்போதும் கடைசி, அதை முதலில் போய் விளையாடினால் மற்ற மூன்றிலும் சிறுகச் சிறுகப் போட்டுவைத்த முடிச்சுகள் வீண்.

விட்சர் 3-க்கு வருவோம். 2015-இல் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் பத்து டாலர், 2016-இல் பிளட் அண்ட் வைன் இருபது டாலர், இரண்டும் வாங்கத் தகுந்தவை என்று சொல்ல நான் தேவையில்லை. ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி விளையாடக் கூடாது. ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் சின்னது, ஓல்கியர்ட், கான்டர் ஓ'டிம் என்று இரண்டு பேரைச் சுற்றியே நடப்பது, லெவல் 30 தாண்டியிருந்தால் மெயின் கதைக்கு நடுவிலேயே போய்விட்டு வரலாம், அந்தக் கல்யாண வீட்டு இரவு ஒன்றிலேயே காசு வசூலாகிவிடும். பிளட் அண்ட் வைன் அப்படியில்லை. அதில் நாயகன் கெரால்ட்டுக்குச் சொந்தமாக ஒரு திராட்சைத் தோட்டம், வீடு, கட்டில், அலமாரி எல்லாம் கிடைக்கிறது. ஊர் ஊராக அலைந்தவன் கடைசியில் உட்காரும் இடம் அது. மெயின் கதையில் வளர்ப்பு மகள் சிரியைத் தேடி நாயாய் அலைய வேண்டிய நேரத்தில், இந்த டிஎல்சி நடக்கும் தூசாங் போய் வீட்டுச் சுவரில் ஓவியம் மாட்டிக்கொண்டிருந்தால் யாருக்குமே பொருந்தாது. முழுப் பதிப்பு வாங்கியவர்களுக்கு இந்த க்வெஸ்ட்கள் மெயின் கதை பாதிகூட ஓடாதபோதே பட்டியலில் தெரியும், ஆனால் பக்கத்திலேயே லெவல் போட்டிருக்கும், அந்த எண்ணை மதித்தால் போதும்.

கதைக்கு நடுவில் செருகியும் பொருந்துகிற டிஎல்சி என்றால் சைபர்பங்கின் பான்டம் லிபர்ட்டி, 2023 செப்டம்பர், முப்பது டாலர். மெயின் கதையில் நாம் ஆடும் வி என்ற பாத்திரத்தின் தலைக்குள் இருக்கும் சிப் ஆளைக் கொன்றுகொண்டிருக்கிறது, நாள் எண்ணிக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி அழைத்து, எனக்கு ஒரு உதவி செய், உன்னை நான் குணப்படுத்துகிறேன் என்கிறாள். போகாமல் இருக்க முடியுமா? மற்ற கேம்களில் உலகமே அழியப்போகும்போது பக்கத்து ஊர்ப் பிரச்சினைக்குப் போவதற்கு நாமே ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டும், இதில் அந்தச் சங்கடமே இல்லை. கதை முடிவிலும் மெயின் கேமுக்குப் புதிய முடிவு ஒன்று சேர்கிறது, சந்தோஷமான முடிவென்று ஏமாந்துவிட வேண்டாம்.

லெவல் பிரச்சினையை நேரடியாகக் கையாண்டது எல்டன் ரிங்கின் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ, 2024. நாற்பது டாலர் கொடுத்துவிட்டு மட்டும் உள்ளே போக முடியாது, மெயின் கேமில் ராடான், மோக் என்ற இரண்டு பாஸ்களையும் (பெரிய எதிரிகள்) வென்றிருக்க வேண்டும். உள்ளே போனபின் 150, 200 என்று லெவல் வைத்திருப்பவனையும் முதல் பாஸே தரையில் தேய்த்துவிடும், ஏனென்றால் அந்த நிலத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் தனி பலம் ஒன்றை ஸ்கேடுட்ரீ துண்டுகளாகத் தேடிச் சேர்க்க வேண்டும். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கோட்டிலிருந்து தொடங்குகிறார்கள். துண்டுகளைத் தேடாமல் கதவு கதவாகப் போய் முட்டிவிட்டுக் கஷ்டம் கஷ்டம் என்று புலம்பியவர்கள்தான் அதிகம்.

இனி பயோவேர் நிறுவனம். நல்ல கதைகளை எழுதிவிட்டு அவற்றைத் துண்டு போட்டு விற்பதில் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை. 2009-இல் டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ் வந்தபோது நம் குழு ராத்திரி தங்கும் முகாமில் லெவி டிரைடன் என்று ஒருவன் நிற்பான், தலைக்கு மேல் க்வெஸ்ட் குறி. போய்ப் பேசினால் குடும்பக் கௌரவம், பாழடைந்த கோட்டை என்று உருக்கமாகச் சொல்வான், சரி உதவுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தால் அங்கேயே டிஎல்சி வாங்கச் சொல்லிக் கேட்பான். கதைக்குள் இருக்கும் ஒரே நிம்மதியான இடம் அந்த முகாம். அங்கே ஒரு விற்பனையாளனை நிறுத்தியதை இன்னமும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பொருள்களைப் போட்டுவைக்கும் பெட்டிகூட அவன் விற்கும் வார்டன்ஸ் கீப் டிஎல்சியை வாங்கியவர்களுக்குத்தான்.

2012-இல் மாஸ் எஃபெக்ட் 3 அதையும் தாண்டியது. முதல் இரண்டு கேம்களிலும் புரோத்தியன்கள் என்ற பழங்கால இனத்தார் எங்கே போனார்கள் என்பதுதான் பெரிய மர்மம். மூன்றாவதில் உயிரோடு இருக்கும் கடைசி புரோத்தியன் ஜாவிக் நம் குழுவிலேயே சேரலாம், கேம் வெளியான அன்றே பத்து டாலருக்கு ஃப்ரம் ஆஷஸ் வாங்கினால். தெஸ்ஸியா கிரகத்துக் கோயிலுக்கு அவரை அழைத்துப் போனால், நம் குழுவின் லியாராவுடைய இனம் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட தெய்வமே ஒரு புரோத்தியன்தான் என்று ஜாவிக் அவள் முகத்துக்கு நேராகச் சொல்வார், அவள் நொறுங்கிப் போவாள். அவர் இல்லாமல் அந்தக் காட்சியை விளையாடிவிட்டு, அப்புறம் அவரோடு விளையாடினால், முதலில் பார்த்தது அரைகுறை என்று உறுத்தும். இன்றைக்கு வாங்குபவர்களுக்கு அந்தக் கோபம் வராது, 2021-இல் வந்த லெஜண்டரி எடிஷனில் அவரும் சேர்த்திதான். அதே கேமின் சிட்டடெல் டிஎல்சிக்கு நேர் எதிர்ப் பிரச்சினை: நண்பர்கள் கூடிக் குடித்துக் கூத்தடிக்கும் அருமையான விடைபெறல் அது, ஆனால் விண்மீன் மண்டலமே பற்றி எரியும்போது வருகிறது. கடைசிப் போருக்குப் புறப்படும் முன் விளையாடினால் கண் கலங்கும், நடுவில் விளையாடினால் வேறு கேம் திறந்துவிட்டதோ என்று தோன்றும்.

டிராகன் ஏஜ் இன்க்விசிஷனின் டிரெஸ்பாஸர் டிஎல்சி பற்றி ஒரு வரி: கேமின் உண்மையான முடிவே அதுதான், அதைத் தனியாக விற்றது அநியாயம், வாங்காமலும் இருக்க முடியாது.

பால்டர்ஸ் கேட் 3 இந்தத் தலைவலி எதையும் வைக்கவில்லை. 2023-இல் வந்தது, கதை டிஎல்சி கிடையாது என்று அதை உருவாக்கிய லேரியன் சொல்லிவிட்டது, 2025 ஏப்ரலில் வந்த 8-ஆவது பேட்ச்சில் 12 சப்கிளாஸ்களை (பாத்திரத்தின் திறன் வகைகள்) இலவசமாகவே கொடுத்தார்கள். புதிய சப்கிளாஸ் வேண்டுமென்றால் புதிதாகத் தொடங்கக்கூட வேண்டாம், முகாமில் நிற்கும் விதர்ஸ் என்பவரிடம் நூறு தங்கக் காசு கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கும் நேரம் பற்றி ஒன்று. தள்ளுபடி வந்தவுடன் கேமையும் அத்தனை டிஎல்சிகளையும் ஒன்றாக அள்ளுவது எல்லோருக்கும் பழக்கம். முழுப் பதிப்பே மலிவென்றால் சரி, அதையே வாங்குங்கள். டிஎல்சியைத் தனியாகத்தான் வாங்க வேண்டும் என்றால் கதை அந்தக் கதவு வரை வந்தபின் வாங்குங்கள். ஸ்டீம் என்ற கேம் கடையில் டிஎல்சிக்குப் பணம் திரும்பக் கிடைக்க 14 நாளுக்குள் கேட்க வேண்டும், அதை வாங்கியபின் மெயின் கேமை 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருக்க வேண்டும். மெயின் கேம் என்பதைக் கவனியுங்கள். முதல் நாளே வாங்கிப் போட்டுவிட்டுக் கதையைத் தொடங்கினால், அந்த டிஎல்சியின் வாசலைப் பார்ப்பதற்கு ரொம்ப முன்பே அந்த 2 மணி நேரம் தீர்ந்து போயிருக்கும்.