இடைப்பருவ எச்சரிக்கைக்கு மூடுல் மதிப்பெண் ஏடு போதுமா?

தடுமாறும் மாணவரைப் பருவத்தின் பாதியிலேயே கண்டுபிடிக்க மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் மென்பொருளின் மதிப்பெண் ஏடு போதும். அதன் அமைப்புகளை (settings) கவனிக்காவிட்டால் மட்டும் ஏமாற்றிவிடும். காலி மதிப்பெண்களைக் கணக்கில் சேர்க்காத தெரிவு இயங்கினால், சம மதிப்புள்ள ஐந்து ஒப்படைப்புகளில் இரண்டை மட்டும் தந்து தலா 80% வாங்கியவருக்கு மொத்தமும் 80% என்றே காட்டும். உண்மையில் அவர் நிற்பது 32%-இல். நாம் தேடுகிற மாணவரே பட்டியலிலிருந்து நழுவிவிடுகிறார்! கெடு முடிந்ததும் ஏட்டின் ஒற்றைப் பார்வை (Single view) பக்கத்தில் காலி இடங்களுக்கு மொத்தமாக 0 நிரப்புங்கள். திருத்தாத தாள்களுக்கும் 0 விழும், எனவே முதலில் திருத்தி முடியுங்கள்.

படிப்பைக் கைவிடக்கூடியவர்களை முன்கணிக்கும் வசதியும் உண்டு. முடிந்த பாடங்களின் தரவு இல்லாமல் அது பழகாது. எனவே மூடுலைப் புதிதாகப் பயன்படுத்தத் தொடங்குவோருக்கு உதவாது.

16 வாரப் பருவமென்றால் 7ஆம் வாரத்துக்குள் கால் பங்கு மதிப்பெண்ணாவது பதிவாகட்டும், பாடத்திலிருந்து விலகும் கெடுவுக்கு முன்பே. பிறகு ஏட்டைக் கோப்பாக இறக்கி, 50%-க்குக் கீழுள்ளவர்களுக்குத் தனித்தனியாக எழுதுங்கள்: விட்டுப்போன வேலை எது, இன்னும் எதைத் தரலாம், யாரை எந்த நாளில் பார்க்க வேண்டும். வெறும் எண்ணை மட்டும் அனுப்பினால் சிலர் பயந்து வகுப்புக்கே வராமல் ஒதுங்கிவிடக்கூடும்.