லுமென் தளம்: எதை மறைக்கச் சொன்னார்கள் என்று தேடிப் பார்க்க ஓர் இடம்

‘இந்தப் பதிவு இந்தியாவில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டி வரும். யார் சொல்லி மறைத்தார்கள், எதற்காக, ஒன்றும் இருக்காது. துபாயில் இருக்கிற நண்பர் அதே பதிவைச் சாதாரணமாகப் படித்துக்கொண்டிருப்பார். அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற, மறைக்கச் சொல்லி அனுப்பிய கடிதத்தையே பார்க்க வேண்டும் என்றால், எனக்குத் தெரிந்து உருப்படியான இடம் லுமென்தான். இப்படிப்பட்ட நோட்டீஸ்களைச் சேர்த்து வைத்திருக்கிற இணையதளம் அது. 2002-ல் வெண்டி செல்ட்சர் என்கிற அமெரிக்க வழக்கறிஞர் வேறு பெயரில் தொடங்கியது, 2015-ல் இந்தப் பெயர் வந்தது, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் க்ளைன் ஆய்வு மையத்தில் நடக்கிறது. காசு எதுவும் கிடையாது.

தேடல் பெட்டியில் நாட்டின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ அடித்தால் போதும், யார் அனுப்பியது, யாருக்கு, என்ன தேதி என்று நோட்டீஸ்கள் வரிசையாக வரும். துருக்கி என்று தேடினால் நீதிமன்ற உத்தரவுகள் துருக்கி மொழியிலேயே வந்து விழும், மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுத்தான் படிக்க வேண்டும், ஆனாலும் படிக்கக் கிடைக்கிறதே.

இதன் அருமை எனக்கு உறைத்தது 2021 ஏப்ரலில். கொரோனா இரண்டாம் அலை, ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஜனங்கள் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த வாரம். ஐம்பதுக்கும் மேற்பட்ட ட்வீட்களை மறைக்கச் சொன்னது மத்திய அரசு, ட்விட்டரும் இந்தியாவில் மறைத்தது. அந்த நோட்டீஸை ட்விட்டர் லுமெனுக்கு அனுப்பியிருந்ததால்தான் விஷயமே வெளியே வந்தது. அப்போது எம்.பி.யாக இருந்த ரேவந்த் ரெட்டி, அப்போதைய மேற்கு வங்க அமைச்சர் மொலோய் கட்டக், சினிமாக்காரர்கள் சிலர் என்று பட்டியலில் தெரிந்த பெயர்கள். தவறான தகவல் பரவுவதைத் தடுக்கத்தான் என்று அரசு விளக்கம் சொன்னது. அது சரியா இல்லையா என்று நாமே ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்ய முடிந்தது, பட்டியல் கண் முன்னால் இருந்ததால்.

சரி, குறைகள். மறைக்கச் சொன்ன பக்கத்தின் முழு இணைப்பு முகவரி எடுத்த எடுப்பில் தெரியாது, தளத்தின் பெயர் மட்டும்தான் தெரியும். மின்னஞ்சல் கொடுத்து ஒவ்வொரு நோட்டீஸுக்கும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நிறைய பார்க்கிறவர்களுக்கு இது பெரிய இழுபறி. அதைவிடப் பெரிய சிக்கல், நிறுவனங்கள் தாமாக அனுப்பினால்தான் இங்கே எதுவும் சேரும். கூகுள் அனுப்புகிறது, தேடல் முடிவு எதையாவது நீக்கினால் பக்கத்தின் அடியில் லுமெனுக்கு இணைப்பும் தருகிறது. ட்விட்டர் 2023 ஏப்ரலில் அனுப்புவதை நிறுத்திவிட்டது. நம் ஊரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி, அதாவது இணையத்தில் ஒன்றை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவின்படி, வரும் உத்தரவுகளை ரகசியமாக வைக்க வேண்டும் என்று அதற்கான 2009 விதிகளில் 16-வது விதி சொல்கிறது, ஆக நிறுவனமும் வாய் திறக்காவிட்டால் பதிவு போட்டவருக்கே காரணம் தெரியாமல் போகும். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. தன் எழுத்தை எதற்காக மறைத்தார்கள் என்று தெரியாத ஒருவர் எந்த நீதிமன்றத்தில் போய் என்ன வாதாடுவார்?

முதல் முறை போகிறவர்கள் அந்த 2021 ஏப்ரல் நோட்டீஸிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் துருக்கி, ரஷ்யா என்று போகலாம்.