சீமைமாதுளை வாங்கலாமா? பழம், கட்டி, விதை, கன்று: நான்கின் தரமும்

காசு கொடுத்து வாங்கி, ஒரு கடி கடித்து, அப்படியே குப்பையில் போட்டுவிடுகிறார்கள். சீமைமாதுளைக்கு இதைவிடப் பெரிய அநியாயம் வேண்டாம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் உள்ள துருக்கி, ஈரான் கடைகளில் அக்டோபர் வாக்கில் வந்து இறங்கும். துருக்கியர் இதை அய்வா என்பார்கள், ஈரானியர் பெஹ் என்பார்கள், ஆங்கிலத்தில் குயின்ஸ். பெயரில்தான் மாதுளை. உறவெல்லாம் ஆப்பிளோடும் பேரிக்காயோடும். பச்சையாகத் தின்றால் வாழைப்பூவை அவிக்காமல் மென்றதுபோல நாக்கு இறுகிவிடும். இது சமைக்கிற பழம். அது தெரிந்து வாங்கினால் கொடுத்த காசு வீணாகாது.

பொறுக்கும்போது கண்ணைவிட மூக்கை நம்புங்கள். காம்புப் பக்கத்தை முகர்ந்தால் அன்னாசியும் ரோஜாவும் கலந்த மாதிரி வாசனை வர வேண்டும். வாசனை வராத பழம் இன்னும் பழுக்கவில்லை என்று பொருள். தோல்மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். அதைப் பூஞ்சை என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. கட்டைவிரலால் தேய்த்தால் உருண்டு திரண்டு உதிரும், அடியில் பளபளவென்று மஞ்சள் தெரியும். அந்த மஞ்சள் சீராக இருந்தால் எடுக்கலாம். லேசாகப் பச்சை ஓடியிருந்தாலும் கவலை இல்லை, வீட்டில் ஒரு வாரம் வைத்தால் மாறிவிடும். கல்மாதிரி இருக்கிறதே என்று கூடையில் வீசக்கூடாது. அடிபட்ட இடம் இரண்டே நாளில் பழுப்பாகி உள்ளே இறங்கும். பூவடிப் பக்கம் சின்னத் துளை இருந்தால் உள்ளே புழு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். சின்னப் பழத்தில் பாதி எடை தோலும் நடுப்பகுதியுமாகவே போய்விடும். 300 கிராமுக்கு மேல் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். குளிர்ந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வைத்தால் இரண்டு மாதம்கூடத் தாங்கும். பக்கத்தில் ஆப்பிளை வைக்காதீர்கள், இதன் வாசனை அதில் ஏறிவிடும்.

வெட்டுவது கொஞ்சம் கஷ்டம்தான். கத்தி வழுக்கி விரலைப் பதம் பார்த்துவிடும். பழத்தைப் பலகையில் ஆடாமல் நிறுத்தி, கனமான கத்தியால் மேலிருந்து அழுத்துங்கள். கை வலுவில்லாதவர்கள் முழுப் பழத்தையும் 20 நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்தால் சுலபமாக வெட்ட வரும். விதைக்கூட்டைச் சுற்றி மணல்போலக் கரகரக்கும் ஒரு வளையம் இருக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் அது இளகாது. தாராளமாகத் தோண்டி எடுத்துவிடுங்கள்.

துருக்கி இனிப்புக்கு நான்கு பழம், அதாவது சுமார் 1.2 கிலோ. தோல் சீவி, பாதியாக்கி, நடுவைத் தோண்டி, அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் அடுக்குங்கள். 300 கிராம் சர்க்கரை, 400 மில்லி தண்ணீர், ஐந்து கிராம்பு, அரை எலுமிச்சையின் சாறு. சீவிய தோலையும் விதையையும் துணியில் முடிந்து உள்ளே போட்டால் பாகு நன்றாகப் பிடிக்கும். பாகை இறுகவைக்கும் பெக்டின் அதில்தான் அதிகம். மூடி போட்டு, அணையப் போகிற அளவுக்குத் தீயைக் குறைத்து, இரண்டு மணி நேரம். முதல் அரைமணியில் வெளிர்மஞ்சள், பிறகு மெல்ல இளஞ்சிவப்பு ஏறும், கடைசியில் பாகும் பழமும் மாதுளைமுத்து நிறத்துக்கு வந்து நிற்கும். துளிச் சாயம்கூடச் சேர்ப்பதில்லை. நாக்கை இழுத்த அதே துவர்ப்புப் பொருள்தான், நீண்ட சூட்டிலும் புளிப்பிலும் உடைந்து, நாவல்பழத்துக்கு நிறம் தருகிற வகை நிறமியாக மாறுகிறது.

நிறம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். தீயைக் கூட்டினால் நிறம் ஏறுமுன் பாகு முறுகிவிடும். குக்கரில் வைத்தால் பத்து நிமிடத்தில் குழைந்து வெளிறிப்போய் நிற்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு பட்டு உலோகச் சுவை இறங்கும். சில ரகம் என்ன செய்தாலும் இளஞ்சிவப்போடு நின்றுவிடும். அது உங்கள் தவறில்லை, ருசியும் குறையாது.

கறிக்கும் நல்ல பழம். காஷ்மீரில் கத்தரிக்காயோடு சேர்த்துச் சோம்புத்தூள், சுக்குத்தூள், காஷ்மீரி மிளகாய் போட்டு வைப்பார்கள். ஈரானில் ஆட்டிறைச்சிக் குழம்பில் சேர்ப்பார்கள். துண்டுகளை முதலில் எண்ணெயில் சிவக்க வறுத்துக்கொள்ளுங்கள். வறுக்காமல் போட்டால் குழம்பில் கரைந்துவிடும்.

இந்தப் பழ விழுதைச் சர்க்கரையோடு கிண்டி இறுக்கிய ஸ்பெயினின் மெம்பிரியோ கட்டி வருடம் முழுக்கக் கிடைக்கிறது. வாங்குமுன் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். பழம் முதலிலும் சர்க்கரை அடுத்தும் எழுதியிருக்க வேண்டும். சர்க்கரை முந்தியிருந்தால் வெறும் இனிப்புக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். நல்ல கட்டி கத்தியில் ஒட்டாமல் வில்லையாக விழும், உப்புக் கரிக்கும் பாலாடைக்கட்டியோடு அருமையாகச் சேரும். இருந்தாலும் பழம் கிடைக்கும் மாதத்தில் வீட்டில் கிண்டுவதற்குக் கடைக்கட்டி ஈடாகாது. வேகவைத்து மசித்த விழுது 1 கிலோவுக்குச் சர்க்கரை 800 கிராம். கரண்டி இழுத்த தடத்தில் பாத்திரத்தின் அடி தெரிந்து, மெல்ல மூடும் அல்வாப் பதம் வரை கிண்ட வேண்டும். எரிமலைபோல வெடித்துத் தெறிக்கும், நீளக் கரண்டியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். போர்ச்சுகலில் இதற்கு மார்மெலாடா என்று பெயர். மார்மலேட் என்ற சொல் பிறந்தது இதிலிருந்துதான்.

விதைதான் தமிழ்நாட்டில் கிடைக்கிறது. நாட்டுமருந்துக் கடையிலும் யுனானிக் கடையிலும் சீமைமாதுளை விதை என்றோ பிஹிதானா என்றோ கேளுங்கள். கருஞ்சிவப்பாக, நாலைந்து ஒன்றோடொன்று ஒட்டி, மேலே வெள்ளைப் படலம் காய்ந்திருந்தால் சரியான சரக்கு. ஒரு தேக்கரண்டி விதையை ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று மணி நேரம் ஊறவிட்டால் சப்ஜா மாதிரி வழவழப்பு இறங்கும். அதை வடிகட்டிக் குடிப்பது தொண்டைக் கரகரப்புக்கு வழக்கமான முறை. விதையை மெல்லவோ அரைக்கவோ கூடாது. உள்ளே அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது, உடைத்தால் சயனைடு வெளிப்படும். தூளாக விற்றால் வாங்கவே வாங்காதீர்கள்.

கன்று வாங்குகிறவர்கள் ஏமாறுவது ஓர் இடத்தில். ஜப்பான் குயின்ஸ் என்று சிவப்புப் பூவோடு, முள்ளோடு விற்பது வேறு செடி. அசல் மரத்துக்கு முள் கிடையாது, வெள்ளையில் லேசான ரோஜா ஓடிய பெரிய ஒற்றைப் பூ. சீட்டில் சைடோனியா ஓப்லாங்கா என்ற தாவரவியல் பெயர் இருக்கிறதா பாருங்கள். குளிர்காலக் குளிர் இல்லாமல் சரியாகப் பூக்காது, சென்னை, மதுரைப் பக்கம் வாங்கி வைப்பது வீண். லண்டன், டொராண்டோ போன்ற இடங்களில் ஒரே மரம் போதும், தன் மகரந்தத்திலேயே காய்க்கும். காய்ப்பைப் பார்க்க நான்கைந்து வருடம் பொறுக்க வேண்டும். பிரிட்டன் மாதிரி ஈரக் கோடையில் இலைப்புள்ளி நோய் வந்து, இலை கறுத்து ஆகஸ்டிலேயே கொட்டும். உதிர்ந்ததைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், விட்டுவைத்தால் அடுத்த வருடம் அதிலிருந்தே திரும்பும். பூ வருவது கொழுந்து நுனியில். அழகுக்காக நுனிகளை ஒட்ட வெட்டிவிட்டால் அந்த வருடம் காய் இல்லை. நெருக்கிய கிளைகளை மட்டும் குளிர்காலத்தில் அடியோடு எடுத்தால் போதும்.