கொடைக்கானல் காட்டேஜ் அடுப்பில் ராத்திரிச் சாப்பாடு: எது தாங்கும், எது தாங்காது?

'சமையலறை வசதி உண்டு' என்று காட்டேஜ் விளம்பரத்தில் படித்ததும் நம் வீட்டு அடுப்படிதான் கண்முன் வரும். போய்ப் பார்த்தால் இரண்டு பர்னர் இருக்கும், ஒன்றுதான் எரியும். கத்தி இருக்கும், தக்காளி நசுங்குமே தவிர நறுக்காது. மூடி ஐந்து கிடக்கும், எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தாது. கடுகு என்று எழுதிய டப்பாவைத் திறந்தால், போன சீசனில் வந்தவர்கள் விட்டுப்போன சர்க்கரை கட்டி தட்டிப்போய்க் கிடக்கும்.

ஈரோட்டிலிருந்து பழனி வழியாக மூன்று முறை குடும்பத்தோடு ஏறியிருக்கிறோம். பெரியவர்கள் நால்வர், வால்கள் இரண்டு. தங்குவதெல்லாம் ஊருக்கு வெளியே, வில்பட்டிப் பக்கம். பகல் சாப்பாடு சுற்றுகிற இடத்திலேயே முடிந்துவிடும். ராத்திரிதான் சிக்கல். ஏழு மணிக்கு மேல் பனி இறங்கியபின் அந்தச் சந்து ரோட்டில் காரைத் திருப்பி ஹோட்டல் தேடிப் போக எனக்குத் தைரியம் போதாது. ஆகவே மூன்று பயணத்திலும் ராத்திரிக்குச் சொந்தச் சமையல். அதில் எதெது தேறியது, எது காலை வாரியது என்பதுதான் இந்தக் கணக்கு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மதிப்பெண் போடுவது சமைக்கிற நேரத்துக்கு இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு, விரலை வெட்டி எடுக்கிற மாதிரி குளிர்ந்த தண்ணீரில், எத்தனை பாத்திரம் கழுவ வேண்டியிருக்கிறது? அதுதான் எனக்கு அளவுகோல். எங்கள் வீட்டில் சுற்றுலாவில் பாத்திரம் கழுவுவது என் வேலை என்பதையும் மறைக்கவில்லை.

இன்னொன்று, மலை. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைவதால் 300 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கும் சூடும் குறைந்துகொண்டே வரும். கீழே 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் அங்கே 93 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். தளபுளவென்று கொதிப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது, அந்தக் கொதிக்கு அவ்வளவு சூடு கிடையாது. தீயைக் கூட்டினாலும் தண்ணீர் வற்றுமே தவிர சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வேகவைக்கப் பார்த்து, ஒன்றேகால் மணி நேரம் கழித்தும் பருப்பு பல்லில் கடிபட்டது எங்கள் முதல் பயணத்துப் பாடம். குக்கருக்குள்ளும் கீழே இருப்பதைவிட நான்கைந்து டிகிரி குறைவுதான். ஆனாலும் நூறைத் தாண்டிவிடுகிறதே, அது போதும்.

தோசை மாவு

முதல் முறை என் மனைவியின் யோசனை இது. "ஏங்க, மாவு இருந்தா எதையும் யோசிக்க வேண்டாம், ஊத்தி எடுத்தா முடிஞ்சுது" என்றாள். வீட்டில் அது முழுக்க உண்மை. ஆறு மணிக்கு அரைத்த மாவை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, இறுக்கமாக மூடி, டிக்கியில் வைத்துக் கிளம்பினோம். பழனி வரை வெயில். மாவு சும்மா இருக்குமா, நன்றாகப் பொங்கிக்கொண்டு வந்திருக்கிறது. மலைப்பாதையில் ஏற ஏற வெளியே காற்றழுத்தம் குறைகிறது, உள்ளே புளித்த காற்று முட்டுகிறது. பையனின் கையில் இருந்த சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பியதை எல்லோரும் சிரித்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோதே பின்னால் 'டப்'. மூடி ஒரு பக்கம், மாவு ஸ்வெட்டர் பையின் மேல் ஒரு பக்கம். இரண்டு நாளைக்கு அம்மாவின் சால்வையில் புளித்த வாசனை வந்தது.

மிஞ்சிய மாவில் தோசை ஊற்றினோமா? ஊற்றினோம். ஆறு பேருக்கு ஆளுக்கு மூன்று என்றாலும் பதினெட்டு. ஒரே கல், ஒன்றுக்கு மூன்று நிமிடம். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஒருவர் அடுப்படியிலேயே நிற்க வேண்டும், மற்றவர்கள் முறை வைத்துச் சாப்பிட வேண்டும். வாடகை வீட்டுக் கல் பழக்கப்படாத கல். முதல் நான்கு தோசை சுரண்டித்தான் வந்தது. பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து ஐந்தாவதில்தான் வழிக்கு வந்தது. அப்புறம் சட்னி? மிக்ஸி இல்லை. பொடியும் நல்லெண்ணெயும் காப்பாற்றியது. கழுவும் பாத்திரம் குறைவு என்பது மட்டும்தான் இதன் பலம்.

மேலே போய் மாவு வாங்கிப் புளிக்கவைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். அந்தக் குளிரில் காலையில் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும்.

ரவை உப்புமா

உப்புமாவைத் திட்டுவது நம் ஊரில் ஒரு பொழுதுபோக்கு. எனக்கு அதன்மேல் கோபமில்லை. ரவையை வீட்டிலேயே வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் எல்லாம் தாளித்து, ஆறவைத்து அதே ரவையோடு கலந்து டப்பாவில் எடுத்துப்போனால் அங்கே வேலையே இல்லை. வெங்காயம் வதக்கு, ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர் ஊற்று, கொட்டிக் கிளறு. 93 டிகிரி கொதியே ரவைக்குப் போதும். பதினைந்து நிமிடத்தில் தட்டில் இருக்கும். வேகத்தில் இதை எதுவும் மிஞ்சாது.

இரண்டு விஷயத்தில் அடி வாங்குகிறது. ஒன்று, குளிர். முதல் ஆளுக்குப் போட்டு ஆறாவது ஆளுக்கு வருவதற்குள் வாணலியில் இருப்பது கேக் ஆகிவிடும். கரண்டியை நட்டால் நிற்கும். கடைசித் தட்டுக்கு உப்புமாவைப் பரிமாறவில்லை, வெட்டித்தான் எடுத்தோம். இன்னொன்று, அடிப்பிடித்தல். அங்கே கிடைக்கிற வாணலி அப்பளம் மாதிரி மெல்லிசு. அடியில் ஒட்டிய ரவையைச் சுரண்டியபோதுதான், பாத்திரம் ஒன்றே ஒன்று என்றாலும் அந்த ஒன்றே நான்குக்குச் சமமாகலாம் என்று தெரிந்தது. முந்தையவர்கள் விட்டுப்போன ஸ்கிரப்பரைத் தொட மனம் வராது. புதிதாக ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பாதி சுட்ட சப்பாத்தி, முட்டைப் பொடிமாஸ்

பிள்ளைகளிடம் ஓட்டெடுப்பு வைத்தால் இதுதான் ஜெயிக்கும். பாக்கெட் சப்பாத்தியைப் பழனியில் வாங்கிக்கொண்டோம். முட்டை மேலேயே கிடைக்கும். ஒரு பர்னரில் கல், இன்னொன்றில் வாணலி. இங்கேதான் ஒற்றை பர்னர் வீடு பழிவாங்கும். பொடிமாஸை முதலில் செய்து மூடி வைத்தால் ஆறிப்போகும். சப்பாத்தியை முதலில் போட்டால் அப்பளமாகக் காயும். பருத்தித் துண்டில் சுற்றிச் சப்பாத்தியை முதலில் முடித்துக்கொள்வதே மேல்.

சரி, மாவு பிசைந்தே போடலாமே என்று என் மச்சினன் கிளம்பினான். கட்டை இல்லாத வீட்டில் கண்ணாடி ஜூஸ் பாட்டிலைக் கழுவி உருட்டினான். வட்டம் வரவில்லை, ஆனால் மெத்தென்று இருந்தது. மேடை முழுக்கக் கோதுமை மாவு. அதைத் துடைத்தவன் நான்.

கல், வாணலி, கிண்ணம், இரண்டு கரண்டி. கழுவுவது நடுத்தரம். சாப்பிட்ட திருப்தி அதிகம். பிள்ளைகள் கூட வந்தால் ஒரு ராத்திரிக்கு இதை ஒதுக்கலாம்.

புளிக்காய்ச்சல்

வீட்டில் நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் நான்கு நாளைக்கு அசையாது, அந்தக் குளிரில் சொல்லவே வேண்டாம். போய் இறங்குகிற முதல் ராத்திரிக்கு இதற்கு ஈடு எதுவும் இல்லை. பெட்டியைப் பிரிக்கக்கூட மனமில்லாத நேரத்தில் சோறு மட்டும் வைத்தால் போதும். ஆனால் சூடான சோற்றில் கலந்ததும் சாப்பிட்டால் புளியோதரை சுமார்தான், ஊறினால்தான் ருசி. மிச்சத்தை மூடி வைத்து மறுநாள் காலை சாப்பிட்டபோதுதான் அதன் குணம் தெரிந்தது. ஒரு ராத்திரிக்குமேல் இது தாங்காது, எல்லோருக்கும் நெஞ்சு கரிக்கும்.

நூடுல்ஸ்

பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரம் மலைக்குப் பொருந்தாது, கூடவே இரண்டு மூன்று நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்குச் செய்தால் ஒன்று கூழ், இல்லாவிட்டால் அரைவேக்காடு. கரண்ட் இல்லாத ராத்திரிக்கு நான்கு பாக்கெட் இருக்கட்டும், அதோடு சரி.

அரிசிம்பருப்பு சாதம்

கொங்கு நாட்டுக்காரன், வேறு எதைச் சொல்வான் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. இருந்தாலும் கேளுங்கள்.

இரண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளருக்குக் கொஞ்சம் கூடத் துவரம்பருப்பு. இரண்டையும் கழுவி ஒன்றாக அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். கீழே இதைச் சோம்பேறித்தனமாக விட்டுவிடலாம், மேலே விடக்கூடாது. குக்கரிலேயே எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு கை சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மஞ்சள்தூள், உப்பு. டம்ளருக்கு மூன்று கணக்கில் தண்ணீர். வீட்டில் மூன்று விசில், அங்கே ஐந்து வைத்தோம். தானாக ஆவி அடங்கியபின் திறந்து ஒரு கரண்டி நெய். அவ்வளவுதான். கத்தி மழுங்கலாக இருந்தாலும் பாதகமில்லை, சின்ன வெங்காயத்தை முழுசாகவே போடலாம்.

பூண்டுதான் இதில் பெரிய மாற்றம். பூம்பாறை போன பகலில் அங்கேயே கால் கிலோ மலைப்பூண்டு வாங்கினோம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டுக்கு வாங்கிப் போகத்தான் எல்லோரும் வாங்குவார்கள். எட்டுப் பல்லை உரித்து அன்று ராத்திரியே குக்கரில் போட்டேன். மூன்றாவது விசிலுக்குப் பக்கத்து அறையிலிருந்து அம்மா, "கண்ணு, என்னடா போட்ட, வாசம் இழுக்குது" என்று எழுந்து வந்துவிட்டார். சால்வை விவகாரத்துக்குப்பின் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

இதன் உண்மையான பலம் வேறு. குக்கர் மூடியிருக்கும்வரை சூடு ஆறாது. கடைசியாகச் சாப்பிடுகிறவனுக்கும் ஆவி பறக்கும். தயிரும் ஊறுகாயும் இருந்தால் தொட்டுக்கொள்ள வேறு தேவையில்லை. கழுவ வேண்டியது குக்கர், ஒரு கரண்டி, தட்டுகள். ஊறவைத்த கிண்ணத்தைக்கூட அலசினால் போதும்.

பலவீனமும் சொல்ல வேண்டும். குக்கர் இல்லாமல் இது நடக்காது. வாடகை வீட்டுக் குக்கரை நம்பக்கூடாது: கேஸ்கட் தளர்ந்திருக்கும், வெயிட் காணாமல் போயிருக்கும். நம்முடையதைத் தூக்கிப்போக வேண்டும். அதிலும் ஒரு பள்ளம் உண்டு, இரண்டாம் பயணத்தில் விழுந்தோம். அந்த வீட்டில் கேஸ் இல்லை, இண்டக்‌ஷன் மட்டும்தான். எங்கள் அலுமினியக் குக்கரை வைத்தால் அடுப்பு 'கீ கீ' என்று கத்தியதே தவிர சூடாகவில்லை. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் அதில் வேலை செய்யும். புறப்படுமுன் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிற காந்த பொம்மையை எடுத்துக் குக்கர் அடியில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அன்றைக்கு ராத்திரி அங்கே கிடந்த இரும்புக் கல்லில் பிரெட் ஆம்லெட். அதுவும் கீசரும் இண்டக்‌ஷனும் சேர்ந்து ஓடியதில் இரண்டு முறை ட்ரிப் ஆகி, மொபைல் வெளிச்சத்தில்.

காட்டேஜைப் பார்த்துக்கொள்கிற அண்ணனையே சமைக்கச் சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லலாம். மூன்றாம் பயணத்தில் ஒரு ராத்திரி சப்பாத்தியும் நாட்டுக்கோழிக் குழம்பும் செய்து கொடுத்தார். நான் செய்கிற எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. மதியத்துக்குள் சொல்லிவிட வேண்டும், காசும் நம் சமையலைவிட மூன்று பங்கு ஆகும். ஆனால் ஒன்பது மணிக்கு நான் கைகட்டிக்கொண்டு நெருப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று ராத்திரி தங்குவதானால் என் வரிசை: வந்திறங்கும் நாள் புளிக்காய்ச்சல், இரண்டாம் நாள் அரிசிம்பருப்பு, மூன்றாம் நாள் பிள்ளைகள் விருப்பப்படி சப்பாத்தி, இல்லாவிட்டால் அண்ணனின் கோழி. உப்புமா ரவை டப்பாவில் தயாராக இருக்கும், யாருக்கும் தெரியாமல்.

தண்ணீர் விஷயம் ஒன்று. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை இருக்கிறது. அதனால் சமையலுக்கு அங்கேயே பெரிய கேன் சொல்லிவிட்டு, குடிக்க எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போகிறோம். பழைய மாவுத் தூக்கும் கூடவே வருகிறது. இப்போது அதில் அரிசியும் பருப்பும் அளந்து கலந்து வைத்திருக்கிறோம். அம்மா இன்னும் தன் சால்வையை அதற்குப் பக்கத்தில் வைக்கவிடுவதில்லை.