தத்தெடுப்பதா, வளர்ப்புப் பராமரிப்பா?

தத்தெடுத்தால் குழந்தை சட்டப்படி உங்கள் பிள்ளை. மாவட்ட ஆட்சியரின் ஆணை வந்ததும் வாரிசுரிமை உட்பட எல்லாம் உண்டு. பெற்றவர்களுடனான சட்ட உறவு முடிந்துவிடும்.

வளர்ப்புப் பராமரிப்பில், மாவட்ட அளவில் இயங்கும் அரசின் குழந்தைகள் நலக் குழு பிள்ளையை உங்கள் வீட்டில் ஒப்படைக்கிறது. வாரிசுரிமை கிடையாது. பெற்றவர்களின் நிலைமை சீரானால் திருப்பி அனுப்பவும் வேண்டியிருக்கும். இதைக் கேட்டதும் பலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். ஆனால் தாய் நோயிலும் தந்தை சிறையிலும் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அவர்கள் விட்டுக்கொடுக்காதவரை பொதுவாக அவனைத் தத்தெடுக்க வழியில்லை, வளர்ப்புப் பராமரிப்பும் அமையாவிட்டால் விடுதியில்தான் வளரவேண்டியிருக்கும். அவனைச் சாப்பிட்டாயா என்று கேட்க ஒருவர் வேண்டாமா?

வளர்ப்புப் பராமரிப்புக்கான மத்திய அரசின் 2024 வழிகாட்டுதலின்படி மணமாகாதவர்களும் முன்வரலாம். பிள்ளை சட்டப்படி தத்துக்குத் தகுதி பெற்றால், இரண்டு ஆண்டுப் பராமரிப்புக்குப் பின் தத்தெடுக்கவும் விண்ணப்பிக்கலாம். தத்தெடுக்கக் காத்திருப்போரிடம் இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன்.