பெற்றோருக்கு சிங்கப்பூர்–மலேசியா 6 நாள் பேக்கேஜ்: வேலூரிலிருந்து வாங்கலாமா?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து டிராவல்ஸ் எதிலாவது போய் "அப்பா அம்மாவை வெளிநாடு அனுப்பணும்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் முதலில் எடுத்து நீட்டுவது சிங்கப்பூர்–மலேசியா 5 இரவு, 6 பகல் குரூப் டூர்தான். பெயரும் விலையும் கடைக்குக் கடை மாறும், உள்ளே இருக்கும் பயணத் திட்டம் அநேகமாக ஒன்றே. 65 வயதைத் தாண்டி, ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்கு முட்டிவலி என்று இருக்கும் ஒரு தம்பதியின் கால்களை வைத்து அந்தத் திட்டத்தை அளந்து எழுதியது இந்த விமர்சனம். 40 வயதுக்காரர்களுக்கு இதே பேக்கேஜ் நன்றாகவே இருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஊர் சரியான ஊர். அதைச் சுற்றிக்காட்டும் வேகம்தான் தவறு.

சிங்கப்பூரை நம் பெரியவர்களுக்குத் துணிந்து சொல்லக் காரணங்கள் உண்டு. சென்னையிலிருந்து விமானம் நாலு, நாலரை மணி நேரம்தான். நேர வித்தியாசம் இரண்டரை மணி நேரம், அதனால் தூக்கம் பெரிதாகக் கெடாது. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. லிட்டில் இந்தியாவின் செராங்கூன் சாலையில் இறங்கினால் அம்மா யார் துணையும் இல்லாமல் பூ வாங்கிவிடுவார், கோமள விலாஸ் சைவ உணவகம் 1947-லிருந்து அங்கேதான் இருக்கிறது. எம்.ஆர்.டி. ரயில் நிலையங்கள் எல்லாவற்றிலும் லிஃப்ட் இருக்கிறது. எஸ்கலேட்டர் பக்கம் மட்டும் போக வேண்டாம். நம் ஊர் எஸ்கலேட்டரைவிட வேகமாக ஓடும், புடவைத் தலைப்பும் கொசுவமும் மாட்டிக்கொள்ளும் பயம் உண்டு.

இனி பேக்கேஜுக்கு வருவோம்.

இதில் மிக மோசமான பகுதி முதல் நாள். குழுவுக்கு மலிவான டிக்கெட் இரவு விமானத்தில்தான் கிடைக்கும் என்பதால், பெரும்பாலான திட்டங்கள் நள்ளிரவை ஒட்டிச் சென்னையில் கிளம்பி விடிகாலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறக்குகின்றன. அந்த விமானத்துக்கு வேலூரிலிருந்து மாலை 5 மணிக்கே கார் ஏற வேண்டும். மீனம்பாக்கம் 130 கிலோமீட்டர்தான், ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பூந்தமல்லி வரை மாலை நெரிசலில் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரவு முழுக்க உட்கார்ந்தபடி அரைத்தூக்கம். காலை ஏழு மணிக்கு வெளியே வந்தால் ஓட்டல் அறை கிடைப்பது மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான். அதுவரை எங்கே வைத்திருப்பது? பஸ்ஸில் ஏற்றி நேரே சிட்டி டூர். மெர்லயன் சிலை, சைனா டவுன், லிட்டில் இந்தியா. பல் துலக்கியது பாதி, குளியல் இல்லை, காலை மாத்திரை எப்போது போடுவது என்று குழப்பம், கால் வீக்கம். மாலையில் ஓட்டலுக்கு வந்து படுத்தால், ஏழு மணிக்கு நைட் சஃபாரிக்குக் கீழே வரச் சொல்வார்கள். அங்கே டிராம் சுற்று 40 நிமிடம்தான், அதற்கு முன் வரிசையில் நிற்பது தனி. திரும்பும்போது இரவு பத்தைத் தாண்டிவிடும். ஒரு நாளுக்கு மேலாக ஒழுங்காக முதுகு சாயாத ஒருவர் அடுத்த மூன்று நாளும் அந்தக் கடனைத்தான் அடைத்துக்கொண்டிருப்பார்.

இதற்குத் தீர்வு பகல் விமானம். முந்தைய இரவு பல்லாவரம், மீனம்பாக்கம் பக்கம் தங்கிவிட்டு, காலையில் கிளம்பி மாலையில் இறங்கி, நேராக அறைக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்க வேண்டும். டிக்கெட் சில ஆயிரம் கூடும், சென்னையில் ஒரு இரவு வாடகையும் சேரும். மொத்தப் பயணத்தில் மிகவும் பிரயோஜனமாகச் செலவாகும் பணம் இதுதான். இரவு விமானம்தான் என்றால், "முந்தைய இரவிலிருந்தே அறை புக் ஆகியிருக்கிறது, காலை ஏழு மணிக்குச் சாவி கிடைக்கும்" என்று எழுத்தில் வாங்குங்கள். "எர்லி செக்-இன் கேட்டுப் பார்க்கலாம் சார்" என்று வாயால் சொல்வது போதாது.

நாலாம் நாள், சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு பஸ். சுமார் 350 கிலோமீட்டர், அச்சிட்ட தாளில் "சொகுசுப் பேருந்து" என்று இருக்கும். பஸ் சொகுசுதான். நடுவில் இரண்டு நாட்டுச் சோதனைச் சாவடிகள் இருப்பதை அந்தத் தாள் சொல்லாது. சிங்கப்பூர் எல்லையில் எல்லோரும் இறங்கி, நடந்து, வரிசையில் நின்று, மீண்டும் பஸ்ஸைத் தேடி ஏற வேண்டும். பாலம் தாண்டி மலேசியப் பக்கம் மறுபடி இறங்க வேண்டும், இந்த முறை பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு. வெள்ளிக்கிழமை மாலை, சனி, பள்ளி விடுமுறை என்றால் நிற்கும் நேரத்துக்குக் கணக்கே கிடையாது. சிறுநீர் வந்துவிடுமோ என்ற பயத்தில் பெரியவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், மதியம் தலைசுற்றல் வரும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டவருக்கு மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும், கையில் குளுக்கோஸ் இருந்தே ஆக வேண்டும்.

அங்கே போய்ப் பார்ப்பது பத்துமலை முருகன் கோயிலும் கெந்திங் மலை உல்லாசத் தலமும். பத்துமலைக்கு 272 படிகள். முட்டிவலிக்காரர் அடிவாரத்தில் நின்று 140 அடி முருகனைக் கும்பிட்டுவிட்டு நிழலில் உட்கார வேண்டியதுதான். தரிசனத்துக்கு அது போதும் என்றால் சரி, ஆனால் வழிகாட்டி கொடுக்கும் ஒரு மணி நேரமும் அங்கே வெயில்தான். கெந்திங் மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றுகிறவருக்கு அங்கேயும் சுற்றும்.

அதனால் எங்கள் யோசனை, மலேசியாவை அப்படியே வெட்டிவிடுங்கள். அதே டிராவல்ஸிடம் "சிங்கப்பூர் மட்டும், 4 இரவு, ஒரே ஓட்டல், பகல் விமானம், தனி வண்டி" என்று கேளுங்கள். முதலில் "ரெண்டு நாடு பாக்கலைனா காசு வேஸ்ட் சார்" என்பார்கள். பிடிவாதமாகக் கேட்டால் போட்டுத் தருவார்கள். ஓட்டல் லிட்டில் இந்தியா அல்லது ஃபேரர் பார்க் நிலையத்துக்கு ஐந்து நிமிட நடையில் இருந்தால் சாப்பாட்டுக் கவலை முடிந்தது. அந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் நடக்கும் சில சிறிய ஓட்டல்களில் லிஃப்ட் இல்லை, குளியலறையில் உயரமான படி இருக்கும். லிஃப்ட் உண்டா, குளிக்கும் இடத்தில் பிடிமானக் கம்பி உண்டா, இரண்டு தனிக் கட்டில் கிடைக்குமா என்று மூன்றையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வீல்சேர் விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். "ஏர்போர்ட்டில் கேட்டால் தருவார்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். குறைந்தது 48 மணி நேரம் முன்பே டிக்கெட்டில் பதிவாகியிருக்க வேண்டும், அதுவும் சரியான வகையில். நடக்கலாம் ஆனால் நெடுந்தூரம் முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். படி ஏற முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். முதல் வகையைப் போட்டுவிட்டு, விமானம் தூரத்தில் நின்று பஸ்ஸில் கொண்டுபோய் ஏணிப்படியில் ஏற்றினால், அம்மா அந்தப் படியை ஏறித்தான் ஆக வேண்டும். முட்டிவலி உள்ளவருக்கு இரண்டாவது வகையே சரி. குரூப் டிக்கெட்டில் இன்னொரு சிக்கல், பயணிகளின் பெயரைக் கடைசி நாட்களில்தான் ஏற்றுவார்கள், பெயர் ஏறாமல் வீல்சேர் ஏறாது. போகும் பயணம், திரும்பும் பயணம் இரண்டிலும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று விமான நிறுவனத்தின் எண்ணுக்கு நீங்களே பேசி உறுதி செய்யுங்கள். திரும்பும் பயணத்தில் விட்டுப்போவதுதான் வழக்கமான தவறு. வீல்சேரில் போகிறவர் விமானத்திலிருந்து கடைசியாகத்தான் இறங்குவார், ஆகவே நடுவில் விமானம் மாறும் டிக்கெட்டே வேண்டாம்.

மருந்து. பயண நாட்களுக்கு வேண்டியதோடு ஐந்து நாளுக்குக் கூடுதலாக, அட்டையைப் பிரிக்காமல், கைப்பையில். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது, விமானத்தின் அடிப்பகுதிக் குளிரில் உறைந்தால் அது வீண், பெட்டி வந்து சேராவிட்டால் இன்னும் மோசம். சி.எம்.சி.யிலோ குடும்ப டாக்டரிடமோ மருந்தின் மூலப்பெயர், அளவு, நோயின் பெயர் எழுதிய கடிதம் ஒன்று வாங்கி, ஊசி நேரத்தை இரண்டரை மணி நேர வித்தியாசத்துக்கு எப்படி மாற்றுவது என்பதையும் அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை சிலவற்றுக்கு சிங்கப்பூரில் முன் அனுமதி தேவை, அந்த நாட்டு சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். வெற்றிலை போடும் பெரியவர் மடியில் புகையிலை இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்க்க வேண்டும். மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை. கசகசாவும் அப்படியே, தனியாகவும் வேண்டாம், அரைத்த மசாலாப் பொடியிலும் வேண்டாம்.

பேக்கேஜோடு இலவசமாகத் தரும் பயணக் காப்பீட்டை நம்பாதீர்கள். பாலிசியில் இரண்டு வரிகளைத் தேடுங்கள், வயது வரம்பு (70-க்கு மேல் பல பாலிசிகள் நிற்கும் அல்லது பாதியாகக் குறையும்), ஏற்கெனவே உள்ள நோய். சர்க்கரை, பி.பி. இருப்பதை மறைத்து வாங்கிய பாலிசி, நெஞ்சுவலி வரும் அன்று உதவாது. உண்மையை எழுதி, கூடுதல் பிரீமியம் கட்டி, குறைந்தது 50,000 அமெரிக்க டாலருக்குத் தனியாக எடுங்கள்.

காகித வேலை பெரிதில்லை. பாஸ்போர்ட் புதிதாக எடுப்பவர்கள் வேலூர் தலைமைத் தபால் நிலையத்தில் உள்ள சேவை மையத்திலேயே முடித்துக்கொள்ளலாம், 60 வயதுக்கு மேல் கட்டணத்தில் 10 சதவீதம் குறையும். அம்மா பத்தாவது படிக்கவில்லையே என்று சிலர் தயங்குவார்கள், பத்தாவது படிக்காதவர் பாஸ்போர்ட்டில் வரும் குடியேற்றச் சோதனை (இ.சி.ஆர்.) முத்திரை 50 வயதைத் தாண்டியவருக்குக் கிடையாது. கவனம் வேண்டியது இனிஷியலில். ஆதாரில் "வெ" என்று இருப்பதை பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயராக விரித்து, அதே எழுத்துகளை டிக்கெட்டிலும் விசாவிலும் போட வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட் சிங்கப்பூருக்குச் சரி, பிறகு துபாய் போக நினைத்தால் 2022 நவம்பரிலிருந்து அங்கே சிக்கல், எனவே இப்போதே இரு பகுதியாக எடுத்துவிடுவது நல்லது. சிங்கப்பூர் விசா அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் வரும், அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம், காசு கேட்கும் தளம் போலி. அதில் நீங்கள் திறந்து பார்க்கக்கூடிய மின்னஞ்சலைக் கொடுங்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்கள், எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும்.

வேலூர் வெயிலைத் தாங்குகிறவர்களுக்கு சிங்கப்பூர் வெயில் எம்மாத்திரம் என்று நினைக்க வேண்டாம். 31, 32 டிகிரிதான், ஆனால் காற்றெல்லாம் ஈரம், வியர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது. நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் அதிகம், பிப்ரவரி நல்ல மாதம். கிளம்ப ஒரு மாதம் முன்பே, எந்தச் செருப்போ ஷூவோ போட்டுப் போகப்போகிறார்களோ அதையே போட்டுக்கொண்டு கோட்டை அகழியை ஒட்டி அரை மணி நடந்து, ஜலகண்டேஸ்வரர் கோயிலை ஒரு சுற்று சுற்றி வரச் சொல்லுங்கள். மறுநாள் காலை முட்டி வீங்கியிருந்தால் வெளிநாட்டில் தினம் ஒரு இடம்தான், அதுவும் வீல்சேரில். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்து அனுப்புவதைப் போலத் தவறு வேறில்லை, சர்க்கரைக் காலில் ஒரு கொப்புளம் போதும் பயணத்தை முடிக்க.

அங்கே போனபின் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு இடம், மதியம் சாப்பாடு, தூக்கம், மாலை ஐந்துக்கு மேல் இன்னொரு சின்ன இடம். கோயில்கள் நம் ஊர் போலவே நண்பகலில் நடை சாத்தும், எனவே 1827-இல் எழுந்த மாரியம்மன் கோயிலையும் ஃபேரர் பார்க் பெருமாளையும் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கார்டன்ஸ் பை தி பே பூங்காவில் மலர் மாடத்துக்குள் (ஃபிளவர் டோம்) 23 முதல் 25 டிகிரி வரைதான் வைத்திருப்பார்கள், அம்மாவுக்கு ஒரு சால்வை வேண்டும். அங்கேயே உள்ள மேகக் காடு (கிளவுட் ஃபாரஸ்ட்) மாடத்தில் லிஃப்டில் மேலே போய் நடந்து இறங்கலாம், கால் வலித்தால் லிஃப்டிலேயே திரும்பலாம். இரவு 7.45 விளக்குக் காட்சி இலவசம், முக்கால் மணி முன்பே போனால் உட்கார இடம் கிடைக்கும். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் டிக்கெட்டை விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள், ராட்டினங்களுக்காக உள்ள இடம் அது. அந்தப் பணத்தில் ஒரு நாள் மண்டாய் பறவைப் பூங்கா போகலாம், நிழலும் உட்காரும் இடமும் உண்டு. எம்.ஆர்.டி.யில் போவதானால் ஒருவருக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டை அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துத் தட்டினால் கதவு திறக்காது.

பணம் கட்டும்போது டி.சி.எஸ். என்று, முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரியாக ஒரு தொகை பிடிப்பார்கள். அது யார் பான் எண்ணில் ஏறுகிறது என்று பார்த்து, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவர் பெயரில் போடச் சொல்லுங்கள். கணக்கே காட்டாத அப்பா பெயரில் போய்விட்டால், அதைத் திரும்ப வாங்க மட்டும் அவருக்கு ஒரு கணக்குத் தாக்கல் செய்ய வேண்டி வரும்.